நகலைக் கேட்டு வாங்குங்கள்

பெரிய ஆஸ்பத்திரிகளின் புறநோயாளர் பகுதியில் சிறிது நேரம் நின்று கவனிப்பவர்களுக்கு இரண்டு விதமான மனிதர்கள் தவறாமல் தென்படுவார்கள். கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்ன மாத்திரத்தில், நீட்டப்பட்ட காகிதக் கட்டின் கடைசிப் பக்கத்தைத் தாமே புரட்டி, எதற்கென்று விசாரியாமலே கையெழுத்திட்டு, டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நிம்மதியோடு எழுந்து போகிறவர்கள் ஒரு சாரார். ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததுமே தம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்று கலவரமடைந்து, காய்ச்சலுக்கான சளிப் பரிசோதனைக்குக்கூட இடங்கொடாமல், முகவரியை மாற்றிச் சொல்லிவிட்டு நழுவுகிறவர்கள் மற்றொரு சாரார். முன்னவர் சட்டம் தமக்கு அளித்திருக்கும் பாதுகாப்பைத் தாமே துறக்கிறார். பின்னவர் தம் தெருவுக்கே வரவிருக்கும் ஆபத்தை மறைக்கிறார். தம்மிடம் கேட்கப்படுவது இன்னதென்று அறிந்துகொள்ள முயலாத அசிரத்தையே இருவருக்கும் பொதுவான குற்றம்.

கேட்கப்படுவது மூன்றில் ஒன்றாக இருக்கும். வைத்தியர் உங்கள் நோயைக் கண்டறிவதற்காக எடுக்கும் ரத்தம் ஒன்று. தொற்றுநோய் பரவுகிறதா என்று அறியச் சுகாதாரத் துறை எடுக்கும் மாதிரி மற்றொன்று. புதிய மருந்தையோ புதிய அறிவையோ தேடி ஆராய்ச்சியாளர் கேட்கும் ஒத்துழைப்பு மூன்றாவது. முதலாவது உங்கள் நன்மைக்கு. இரண்டாவது உங்களுக்கும் ஊருக்கும் சேர்த்து. மூன்றாவது பெரும்பாலும் இனி வரப்போகும் நோயாளிகளுக்கு. மூன்றாவதை மறுக்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. மறுத்ததற்காக வழக்கமான சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் குறைக்கக் கூடாது. இவற்றைப் பிரித்துச் சொல்ல இரண்டு நிமிஷங்கூடச் செலவிட மனமில்லாத ஊழியர்களே மக்களுடைய பயத்துக்குப் பாதிக் காரணம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது வகை மாதிரியைக் கொண்டு கிருமியை உடனே அறியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் தேசத்திலேயே சான்று இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு வங்காளத்துச் சிலிகுரியில் 66 பேரைத் தாக்கி, ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே நோயாளிகளிடமிருந்து ஊழியர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் பரவிய காய்ச்சல் இன்னதென்று அப்போது எவருக்கும் விளங்கவில்லை. அது நிபா வைரஸ் என்பது, சேமித்து வைக்கப்பட்டிருந்த மாதிரிகளைப் பிற்பாடு ஆராய்ந்த பின்னரே தெரிய வந்து, 2006-இல்தான் ஆய்விதழில் வெளியாயிற்று. அதே நிபா 2018 மே மாதத்தில் கேரளத்துக் கோழிக்கோட்டில் தோன்றியபோதோ, ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோயுற்றவர்களைக் கண்டு ஐயங்கொண்ட வைத்தியர்கள் மாதிரிகளை மணிப்பாலிலுள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்ப, புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமும் அதைச் சில நாட்களுக்குள் உறுதி செய்தது. உயிர்கள் போயின என்றாலும், கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டபடியால் தொடர்பில் இருந்தோரைத் தேடித் தனிமைப்படுத்த முடிந்தது. ஆகையால், காய்ச்சல் பரவும் காலத்தில் மாதிரி கேட்டால் கொடுங்கள். முகவரியையும் கைபேசி எண்ணையும் மெய்யாகச் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வராவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள். பொய் முகவரி கொடுத்தவருக்கு முடிவு போய்ச் சேராது என்பது சொல்லாமலே விளங்க வேண்டிய விஷயம். ஆனாலும் ஒவ்வொரு தொற்றிலும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மூன்றாவதான ஆராய்ச்சிக்கு வருவோம். 2009-இல், அப்போது ஆந்திரத்தில் இருந்த கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய ஓர் ஆய்வுக்காக, விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகளுக்குப் பெற்றோர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தை விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தது பின்னர் அம்பலமாயிற்று. அங்கும் குஜராத்திலும் நேர்ந்த ஏழு சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு கூறியபோதிலும், சம்மதத்தை அலட்சியம் செய்த பாவத்தால் பயனுள்ள ஒரு தடுப்பூசியின் மீதே மக்களுக்கு அவநம்பிக்கை படிந்தது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின் வந்தவையே 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள். மருந்துச் சோதனை அல்லாத மற்ற ஆராய்ச்சிகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பொருந்தும்.

இந்த விதிகளின்படி, நோயாளிக்கான தகவல் தாளும் பூர்த்தி செய்யப்பட்ட சம்மதப் பத்திரமும் ஆகிய இரண்டின் நகலையும் உங்களிடமோ உங்கள் உடனிருப்பவரிடமோ கொடுத்தே ஆக வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது, மறந்துவிடாதீர்கள். அவை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டித் தமிழில் வாயால் சொல்லிவிட்டோம் என்பது செல்லாது. எழுத்தறியாதவரானால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கலாம். சுய நினைவோடு கட்டிலில் அமர்ந்திருக்கும் தகப்பனாருக்காக வராந்தாவில் நிற்கும் மகன் கையெழுத்துப் போடும் வழக்கம் நம்மிடையே சர்வ சாதாரணம். அது சம்மதமே ஆகாது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம் என்பதும் அதே பத்திரத்தில் அச்சாகியிருக்கும் வாசகந்தான்.

தகவல் தாளில் ஆராய்ச்சி நடத்தும் வைத்தியரின் தொலைபேசி எண்ணோடு, ஆராய்ச்சியை அனுமதித்துக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் இருக்கிறதா என்று பாருங்கள். அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள், சரிபாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சாராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாரே. அத்துடன் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2007-இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அந்தத் தேசியப் பதிவேடு எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கூடியது. சோதனையின் பெயர், செலவு செய்யும் கம்பெனி, நடைபெறும் ஆஸ்பத்திரிகள் யாவும் அதில் காணும். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் கையெழுத்தைத் தள்ளிப்போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சம்மதப் பத்திரத்தில் வயது, தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரராக நியமிக்கப்படுபவரின் பெயர், முகவரி, உறவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. காப்பீட்டு அட்டை போய்விடுமோ என்று வருமானத்தைக் குறைத்துச் சொல்வதில் எடுத்துக்கொள்ளும் சிரமத்தை நம்மவர்கள் வயதைச் சரியாகச் சொல்வதில் எடுத்துக்கொள்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், சோதனையால் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈட்டின் சூத்திரத்தில் வருமானத்துக்கு இடமே இல்லை, வயதுக்கே இடம். அடிப்படைத் தொகையாகிய 8 லட்சம் ரூபாயை, வயதுக்குரிய காரணியாலும் நோயின் தீவிரத்துக்குரிய 0.5 முதல் 4 வரையான எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுப்பதே மரணத்துக்கான கணக்கு. ஆரோக்கியமான ஒருவர் சோதனையால் இறந்தால், 65 வயதானவருக்கு 32 லட்சமும், 40 வயதானவருக்கு ஏறக்குறைய 59 லட்சமும் வரும். நாற்பது வயதுக்காரர் ஐம்பது இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தால், அவருடைய குடும்பம் ஏறக்குறைய 10 லட்சம் ரூபாயை இழக்கும். ஆதார் அட்டையிலோ பள்ளிச் சான்றிதழிலோ உள்ள வயதையே எழுதச் செய்யுங்கள்; வாரிசுதாரர் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

சோதனையின்போது உடல்நிலை மோசமானால், அது மருந்தினாலா என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதனால் அல்ல என்று நிலைநாட்டப்படும் வரையில், தேவைப்படும் காலமெல்லாம் இலவச வைத்தியம் அளிப்பது அவர்கள் கடமை. தீவிரமான பாதிப்பை அறிந்த 24 மணி நேரத்துக்குள் ஆராய்ச்சி வைத்தியர் மத்திய மருந்து அதிகாரிக்கும், கம்பெனிக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் விரிவான அறிக்கையும், குழுவின் அபிப்பிராயம் 30 நாட்களுக்குள்ளும் போக வேண்டும். அதிகாரி 90 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் கம்பெனி பணத்தைச் செலுத்த வேண்டும். மருந்தின் தீய விளைவுக்கு மட்டுமல்ல, சோதனைத் திட்டத்தை மீறியதற்கும், கொடுத்திருக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையைக் கொடாமல் மருந்தற்ற வெறும் மாத்திரை கொடுத்ததற்கும் நஷ்டஈடு உண்டு. வந்து போவதற்குக் கொடுக்கும் பஸ் செலவை நஷ்டஈடு என்று எண்ணி வாயடைத்துப் போகிறவர்களுக்கு இதை மறுபடியும் சொல்கிறேன்: பஸ் செலவு வேறு, நஷ்டஈடு வேறு.

ஆனால் நடைமுறையில் இந்தக் காலக்கெடுக்கள் யாவும் யாரோ ஒருவர் எழுத்தில் தெரிவித்த பிறகே உயிர் பெறும். வார்டு நர்ஸிடம் சொன்னோம், கம்பவுண்டரிடம் சொன்னோம் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் ஏறாது. பாதிப்பு நேர்ந்த அன்றே, சி.டி.ஆர்.ஐ. எண், சம்மதித்த தேதி, பாதிப்பு, தேதிவாரியாக நடந்தது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் (மறுப்பவர்கள் உண்டு, குழு அடுத்த மாதந்தான் கூடும் என்பார்கள்) ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிரதி ஒன்றைப் புதுதில்லி கோட்லா ரோட்டிலுள்ள இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கும் (மேலே சொன்ன மத்திய மருந்து அதிகாரி இவரே) அனுப்புங்கள். அத்துடன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டுத் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள்; கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை.

மிச்சமிருக்கும் ரத்தத்தையும் திசுவையும் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆய்வுக்கு மட்டும், தொடர்புடைய ஆய்வுகளுக்கும், எதிர்காலத்தில் எந்த ஆய்வுக்கும் என்று படிப்படியாகச் சம்மதம் கேட்கும் பத்திரங்கள் உண்டு. விருப்பமான கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள். பெயர் நீக்கப்படாத மாதிரியாக இருக்கும் வரையில் திரும்பப் பெறவும் கேட்கலாம். சிலிகுரிக் காய்ச்சலின் பெயரைச் சொன்னவை சேமித்து வைத்த மாதிரிகளே என்பதை நினைத்துப் பார்த்து, தாராளமாகவே குறியிடலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

எழுதியும் பதில் வராவிட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலும், மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். போகும்போது சம்மதப் பத்திரத்தின் நகல், மருத்துவ ஆவணங்கள், முத்திரை பெற்ற பிரதி அல்லது தபால் ரசீது ஆகிய மூன்றையும் மறவாமல் எடுத்துப் போங்கள்.