கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

பழைய ஸ்டூடியோ மண்பாண்டம் சேகரிப்பவர்கள் ஒரு ஜாடியைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். யார் செய்தது, என்ன விலை போகும் என்கிற சமாச்சாரமெல்லாம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

மண்ணைப் பிசைவதிலிருந்து சூளையில் சுடுவதுவரை ஒரு கலைஞரோ சிறு குழுவோ கைப்படச் செய்ததுதான் ஸ்டூடியோ மண்பாண்டம். பிரிட்டனில் இது வேர்விட்ட முக்கியமான இடம், கார்ன்வால் கடலோர ஊரான செயின்ட் ஐவ்ஸ். ஜப்பானில் இந்தக் கலையைக் கற்ற பெர்னார்ட் லீச், நண்பர் ஷோஜி ஹமாதாவோடு 1920-இல் அங்கே பட்டறை போட்டார்.

அந்தப் பட்டறைச் சரக்கின் அடி விளிம்பை ஒட்டிச் சின்ன முத்திரை ஒன்று அழுந்தியிருக்கும்: ஆங்கில எஸ், ஐ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் இரண்டு புள்ளிகள். பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது பட்டறையின் முத்திரை. லீச்சே வனைந்ததென்றால் பெரும்பாலும் கூடவே பி.எல். என்ற எழுத்துகளும் இருக்கும். தினசரிப் புழக்கத்துக்காகப் பட்டறைக் கலைஞர்கள் வனைந்த கிண்ணம், குவளை, மூடிச்சட்டிகளுக்குப் பட்டறை முத்திரை மட்டும்தான். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்னைக் கேட்டால், புதிதாகச் சேகரிப்பவர் இவற்றில் தொடங்குவதே நல்லது. சாப்பாட்டு மேசையிலும் புழங்கலாமே!

ஹமாதா விஷயம் நேர்மாறு. ஜப்பானுக்குத் திரும்பி மாஷிகோவில் வேலை செய்த காலத்தில் அவர் பாண்டத்தில் முத்திரையே வைக்கவில்லை. அதற்கான மரப்பெட்டியில்தான் கையெழுத்திட்டார். பெட்டி தொலைந்தால் அத்தாட்சியும் போச்சு.

முத்திரை இருந்தாலும் நிச்சயமில்லை. 1980 வாக்கில் இங்கிலாந்தின் ஃபெதர்ஸ்டோன் சிறையில் மண்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகள் லீச் ஜாடிகளைப் போலியாகச் செய்ய, அவை லண்டன் ஏலம்வரை போய்விட்டன!

அதனால் முத்திரையோடு நிற்காமல், பூச்சு படாத அடி வளையத்தில் மண்ணின் நிறத்தையும் சீவிய தடத்தையும் பாருங்கள். டென்மோக்கு என்ற கறுப்புப் பூச்சு, விளிம்பில் மெலியும் இடத்தில் துருப்பழுப்பாக மாறும். உடைந்து ஒட்டியதா என்று அறிய, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். ஒட்டுப்போட்ட இடம் பல சமயம் விரலுக்கு வேறாகத் தெரியும். மெல்லத் தட்டினால், விரிசல் விட்டது கணீரென்று ஒலிக்காது. புற ஊதா விளக்கு கிடைத்தால் அதையும் அடித்துப் பாருங்கள்; ஒட்டை மறைக்கப் பூசிய, கண்ணுக்குத் தெரியாத மேல்பூச்சு அதில் தனியாக ஒளிரக்கூடும்.