மலையில் வீடு, கீழே சம்பளம்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குத் திருப்பூரிலிருந்து அழைப்பு வந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "போனா, இந்த வீட்டை என்ன பண்றது?" என்பதுதான். தோட்டம் தரும் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. தொழிலாளிக்கு வீடு தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். நல்ல காரியம்தான். ஆனால், பேரேட்டில் பெயர் இருக்கும் வரைதான் அந்தக் கூரை.

திருப்பூர்க்காரர்கள் போனில் சொல்லும் கணக்கு வாயூற வைக்கும். ஒன்றரை ஷிஃப்ட், சனிக்கிழமை தவறாமல் சம்பளம். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம் என்பதும், ரூமுக்கு அட்வான்ஸ், வாடகை, கரன்ட் பில் என்று அந்தச் சனிக்கிழமைக் காசு கரைவதும் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும்.

ஏற்காடு இருக்கும் அதே சேர்வராயன் மலையில் தயங்காமல் கிளம்புகிறவர்களும் உண்டு. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் சொந்த வீடு, கொஞ்சம் நிலம், நாலு மிளகுக்கொடி வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஏறி வடநாடு வரை போவார். பிடிக்கவில்லையா, அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பலாம். அவருக்குத் துணிச்சல், லைன் வீட்டுக்காரருக்குப் பயம் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். லைன் வீட்டுக்காரர் திரும்பி வந்தால் இறங்க இடம் எது?

கிளம்பத்தான் வேண்டுமென்றால் நாள் பார்ப்பதைவிடக் கணக்குப் பார்ப்பது முக்கியம். ஐந்து வருடப் பணிக்குக் கிராஜுவிட்டி உண்டு. வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி. நாள் கூலி 500 ரூபாய், பணி பத்து வருடம் என்று வைத்தால் 75,000 ரூபாய். ஐந்தாம் வருடம் முடியச் சில மாதங்கள் இருக்கையில் கிளம்பினாலும் கேட்டுப் பார்க்கலாம்: அந்த வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் இந்த வருடங்கள் வீணாகாது. ஆனால், பி.எஃப். பிடிக்காத கம்பெனி என்றால் சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

தோட்டத்திலேயே தங்குவதென்றால், பேரம் பேசவும் காலம் உண்டு. நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கினால் பறிக்க ஆள் கிடைக்காமல் தோட்டங்கள் திண்டாடும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட விலையில் ஒரு பழம்கூட மண்ணில் உதிர முதலாளிக்கு மனசு வராது. கூலி உயர்வோ, ஒழுகும் கூரைக்கு ஓடோ கேட்பதென்றால் அப்போது கேட்க வேண்டும். பறிப்பு முடிந்த மாசியில் கேட்டால், "பார்க்கலாம்" என்பார்கள்.

இதற்கு நடுவே குடும்பங்கள் தாமாகக் கண்ட ஒரு வழியும் இருக்கிறது. கணவர் கீழே போக, மனைவி தோட்டத்திலேயே தொடர்வது. குடும்பத்தில் ஒருவர் பெயர் பேரேட்டில் இருந்தால் வீடு தங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி மூட்டு வலியோ, குழந்தைக்குக் காய்ச்சலோ, வேலையை விடும் யோசனை மட்டும் மனைவிக்கு வரக் கூடாது.