எலும்பு சொல்லும் வயதும் சட்டம் கேட்கும் வயதும்

தென்காசி மாவட்டத்துச் செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட சிறுவனின் கோப்பாக இருக்கலாம். குற்றாலம் சீசனில் கடை வேலைக்கு வந்த இடத்தில் வன்முறைக்கு ஆளான சிறுமியின் வழக்காக இருக்கலாம். சாதி கடந்து காதலித்ததற்காகப் போக்சோவில் கைதான தலித் இளைஞரின் பிணை மனுவாகவும் இருக்கலாம். இவை அனைத்திலும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: சம்பந்தப்பட்டவரின் வயது என்ன? அதற்கு விடை சொல்ல ஆவணம் இல்லாதபோது, நீதிமன்றம் எக்ஸ்ரே அறையின் கதவைத் தட்டுகிறது.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதை நம் தரப்பில் பலரும் அறிவதில்லை. "டாக்டர் சர்டிபிகேட் வந்துவிட்டது" என்ற அளவில் நின்றுவிடுகிறோம். இரண்டே வரியில் "வயது 17-க்கு மேல் 19-க்குள்" என்று முடியும் அந்தச் சான்றிதழ் ஒரு சிறுமியின் வழக்கைக் கவிழ்க்கவும் செய்யும், ஒரு சிறுவனை வயது வந்தோர் சிறைக்கு அனுப்பவும் செய்யும். ஆகவே அதன் உள்ளே இருக்கும் அறிவியலை விளங்கிக்கொள்வது நமக்கு அவசியமாகிறது.

வளரும் குழந்தையின் நீள எலும்புகளின் முனையில் குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. வளர்ச்சி முடியும்போது அது எலும்பாகி, முனையும் தண்டும் ஒன்றிணைகின்றன. முழங்கை முன்னதாக இணையும். மணிக்கட்டும் தோளும் பின்னர். இடுப்பெலும்பின் விளிம்பு அதற்கும் பின்னர். காறை எலும்பின் உள்முனை இருபது வயதைத் தாண்டியே முழுமையாக இணையும். பற்களும் இப்படியே. பன்னிரண்டு வயதையொட்டி இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஞானப்பல்லோ பதினேழிலிருந்து இருபத்தொன்றுக்குள் என்பார்கள். சிலருக்கு அது முளைப்பதே இல்லை. ஓ.பி.ஜி. எனப்படும் முழுத் தாடை எக்ஸ்ரேயில் ஈறுக்குள் இருக்கும் பல்லின் வேர் எந்த அளவுக்கு உருவாகியிருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிக்கிறார்கள்.

இவையனைத்தும் மெய்யான அறிவியலே. ஆனால் இந்தக் கருவிகள் எந்தக் கேள்விக்காக உருவாக்கப்பட்டன என்பதையும் கேட்க வேண்டும். பல் சீரமைப்பு மருத்துவர் தம்மிடம் வரும் சிறுமியின் மணிக்கட்டையோ கழுத்தெலும்பையோ படமெடுக்கும்போது, அவளுடைய பிறந்த தேதி அவருக்குத் தெரியும். அவர் அறிய விரும்புவது, தாடை இன்னும் வளருமா, கம்பி போட இதுதான் தக்க தருணமா என்பதே. குழந்தை மருத்துவரும் வயதை அறிந்துகொண்டே, எலும்பு அந்த வயதுக்கு ஏற்ப முதிர்ந்திருக்கிறதா, தைராய்டு முதலான கோளாறு உண்டா என்று பார்க்கிறார். நீதிமன்றம் இதைத் தலைகீழாக்குகிறது. எலும்பைக் காட்டி வயதைச் சொல் என்கிறது. ஒரே வயதுடைய பத்துக் குழந்தைகளின் எலும்புகள் பத்து விதமாக முதிர்ந்திருக்கும்போது, எலும்பிலிருந்து வயதுக்குத் திரும்பிச் செல்லும் பாதை அவ்வளவு நேரானதாக இருக்க முடியாது.

பாலியல் வழக்குகளின் வயது அறிக்கைகளில் இடம்பெறும் உடல் வளர்ச்சிப் படிநிலைகளை வகுத்தவர் ஜேம்ஸ் டானர் என்ற பிரித்தானிய மருத்துவர். குழந்தைகள் தொடர்பான ஆபாசப்பட வழக்குகளில் தம் படிநிலைகளை வைத்து வயது சொல்லப்படுவதைக் கண்டு, இவை அதற்கானவை அல்ல என்று 1998-இல் அவரே சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து மருத்துவ இதழில் எழுதினார். கருவியைச் செய்தவரே விடுத்த எச்சரிக்கை அது. நம் ஊர் அறிக்கைகளில் அந்தப் பத்தி இன்றும் நீங்கியபாடில்லை.

அடுத்த கேள்வி, யாருடைய எலும்புகளோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. கை எலும்பு வயதுக்கு உலகெங்கும் பயன்படும் கிரூலிச்–பைல் படத்தொகுப்பு, 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியான வெள்ளையர் குடும்பத்துக் குழந்தைகளிடம் எடுக்கப்பட்ட படங்களிலிருந்து உருவானது. பல் வயதுக்கான டெமிர்ஜியன் முறை 1973-இல் பிரெஞ்சு கனடியச் சிறாரை வைத்து வகுக்கப்பட்டது. இந்தியத் தடயவியல் பாடநூல்கள் எலும்பு இணைவு அட்டவணைக்கு இன்றளவும் சுட்டும் கால்ஸ்டானின் ஆய்வு வெளிவந்த ஆண்டு 1937.

டெமிர்ஜியன் முறையைத் தென்னிந்தியச் சிறாரிடம் சோதித்து 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று, அது வயதைச் சராசரியாக ஏறக்குறைய 3 ஆண்டுகள் கூட்டிச் சொல்வதைக் கண்டது. 2002-இல் பெல்காம் குழந்தைகளிடம் செய்த மற்றோர் ஆய்விலோ பிழை மிகச் சொற்பம். பின்னர் தார்வாடைச் சேர்ந்த ஆய்வாளர் ஆச்சார்யா ஞானப்பல்லையும் சேர்த்து இந்தியருக்கென ஒரு சூத்திரம் வகுத்து 2011-இல் வெளியிட்டார். அருகருகே உள்ள பகுதிகளில் செய்த இரு ஆய்வுகளுக்கிடையே மூன்று ஆண்டு வேறுபாடு இருக்கிறது. பதினைந்து வயதுச் சிறுமியைப் பதினெட்டாக்குவதற்கு அந்த மூன்று ஆண்டு போதும்.

எலும்பு விஷயத்தில் பிழை வேறு திசையில் போகிறது. பெர்லினில் பணியாற்றிய ஷ்மெலிங் குழுவினர் பல நாட்டுத் தரவுகளை ஆராய்ந்து 2000-இல் வந்தடைந்த முடிவு நமக்கு முக்கியமானது: எலும்பு முதிரும் வேகத்தை இனம் பெரிதாக மாற்றுவதில்லை, வாழ்க்கைத் தரம்தான் மாற்றுகிறது. வறுமையில் வளரும் குழந்தையின் எலும்பு தாமதமாக முதிர்கிறது. ஊட்டக்குறைவு பற்களை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. ஆகவே, ஒரே சிறுமியின் மணிக்கட்டு ஒரு வயதையும் தாடை வேறொரு வயதையும் சொல்லக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்திய அளவுகோல்களுக்கான பல் ஆய்வுகள் பலவும் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஏற்கனவே சேமிக்கப்பட்டிருக்கும் ஓ.பி.ஜி. படங்களை வைத்தே செய்யப்படுகின்றன. பல்லுக்குக் கம்பி போட வருபவர்களின் படங்கள் அவற்றில் கணிசம். சூளையில் வளரும் பிள்ளை பல்லுக்குக் கம்பி போட வருவதில்லை. "அப்படியானால் தலித் குழந்தைகளுக்குத் தனி எலும்பு அட்டவணை வேண்டுமா?" என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். வேண்டாம். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பி நம் முன்னோரின் தலையையும் மூக்கையும் அளந்த வரலாறு நமக்குண்டு. சாதி என்பது உடற்கூற்றில் இல்லை என்பதை அத்தகைய அளவீடுகளைக் கொண்டே 1948-இல் 'தீண்டப்படாதோர்' நூலில் அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். ஆய்வுகளில் பதிவாக வேண்டியவை உயரம், எடை, உணவு, எத்தனை வயதில் வேலைக்குச் சென்றார் என்பன போன்ற விவரங்கள்தாம்.

கையெலும்புக்கு இன்னொரு வரம்பும் உண்டு. டானர் குழுவினரின் புதுப்பிக்கப்பட்ட முறைப்படி பெண் குழந்தையின் கை எலும்புகள் 15 வயதிலும் ஆண் குழந்தையின் கை எலும்புகள் 16½ வயதிலும் முழு முதிர்ச்சியை அடைந்துவிடுகின்றன. எனவே, "மணிக்கட்டு முழுமையாக இணைந்துள்ளது" என்ற வாசகம் ஒரு பெண் பதினெட்டைத் தாண்டிவிட்டாள் என்பதற்குச் சான்றாகாது. இருந்தும், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வாசகமே தூக்கிப் பிடிக்கப்படுகிறது.

இப்போது இந்த வேலையைக் கணினி செய்யத் தொடங்கியிருக்கிறது. 2017-இல் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் நடத்திய போட்டியில் 14,000-க்கு மேற்பட்ட கைப் படங்கள் தரப்பட்டன; வென்ற மென்பொருளின் சராசரிப் பிழை 4 மாதங்களைச் சற்றே தாண்டியது. கேட்பதற்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்த 4 மாதம் குழந்தையின் உண்மையான வயதோடு ஒப்பிட்ட பிழை அன்று. கதிரியக்க மருத்துவர்கள் படத்தைப் பார்த்துச் சொன்ன எலும்பு வயதோடு ஒப்பிட்ட பிழை. பயிற்சிப் படங்கள் வந்ததும் கலிஃபோர்னியா, கொலராடோ மருத்துவமனைகளிலிருந்து. நாளை ஓர் அறிக்கை "17.8 ஆண்டு" என்று தசமப் புள்ளியோடு நீதிமன்றத்துக்கு வருமானால், அந்தப் புள்ளியைக் கண்டு மயங்காமல் இருக்க வேண்டும்.

சட்டத்தின் நிலைக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 94 ஒரு வரிசையை வகுக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிக் சான்றிதழ் முதலில். அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பு தரும் பிறப்புச் சான்றிதழ். இவை இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு முதிர்ச்சிச் சோதனை அல்லது வேறு நவீன மருத்துவச் சோதனை. சோதனைக்கு உத்தரவிட்டால் 15 நாளில் முடிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கான இந்த வழிமுறை பாதிக்கப்பட்ட சிறாருக்கும் பொருந்தும் என்று, பழைய விதிகள் இருந்த காலத்திலேயே, 2013-இல் ஜர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற யுவபிரகாஷ் வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நம் தோழர்கள் அனைவரும் படிக்க வேண்டும். அரசுத் தரப்பு நம்பியது பள்ளி மாற்றுச் சான்றிதழை. அது பிரிவு 94 கேட்கும் ஆவணம் ஆகாது என்றது நீதிமன்றம். மருத்துவரோ பெண்ணின் வயது 18-க்கும் 20-க்கும் இடைப்பட்டது என்று சொல்லியிருந்தார். தண்டனை ரத்தாயிற்று. ஆதார் அட்டையும் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியிருக்கிறது. ஆதாரும் டி.சி.யும் மட்டுமே வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சேரிகளில் எத்தனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிழை வரம்பு இதைவிடக் கடினமானது. கதிரியக்கச் சோதனையில் இரு புறமும் இரண்டு ஆண்டு பிழை இருக்கலாம் என்பது 1982-இல் ஜயமாலா வழக்கிலிருந்து வரும் நிலைப்பாடு. 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்டவரின் எலும்பு வயது வரம்பில் மேல் எல்லையையே எடுத்துக்கொண்டு, அதனோடு இரண்டு ஆண்டையும் சேர்க்க வேண்டும் என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிக்கை "14 முதல் 16" என்று வந்தாலும் 16-உடன் 2 சேர்ந்து 18 ஆகிறது. அந்தச் சிறுமி சட்டத்தின் கண்ணில் குழந்தை இல்லை. போக்சோவின் பிரிவு 29 தரும் குற்ற அனுமானம் போய்விடும். சம்மதம் என்ற வாதம் உள்ளே நுழையும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் நின்றாலும் வழக்கின் முதுகெலும்பு முறிந்துவிடும். அந்தத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எதிர்த்தரப்பு அதை மேற்கோள் காட்டுவதை நாம் தடுக்கவும் முடியாது.

இந்தக் கணக்கு அநியாயம், மாற்ற வேண்டும் என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுதமாட்டேன். ஆதிக்கச் சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் இளைஞர் மீது, பெண்ணின் வயதைக் குறைத்துக் காட்டிப் போக்சோ வழக்குப் போடப்படும்போது, அவரைக் காப்பதும் இதே சந்தேகத்தின் பலன்தான். ஒருவருக்காக அதைப் பறித்தால் இன்னொருவர் சிறைக்குச் செல்வார். பாதிக்கப்பட்ட சிறுமியின் வழக்கை எலும்பின் மீது நிறுத்தாமல் ஆவணத்தின் மீது நிறுத்துவதே நமக்கிருக்கும் வழி.

அந்த ஆவணம் பல வேளைகளில் இருக்கவே செய்கிறது, தேடப்படுவதில்லை. விசாரணை அதிகாரி பிறப்புப் பதிவேட்டைப் பார்க்காமல் நேரே மருத்துவச் சோதனைக்கு மனுப் போடுகிறார். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதிவேடு உண்டு. பெற்றோர் கேரளத்துச் சூளையில் இருந்தபோது பிறந்த குழந்தையாயின் அங்குள்ள உள்ளாட்சியில் தேட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிக் குறிப்பு, மகப்பேறு உதவித்தொகை விண்ணப்பம் ஆகியன பிரிவு 94-இன் வரிசையில் இல்லை. ஆனாலும் பிறப்புப் பதிவைத் தேடிப் பிடிக்கவும், தாமதப் பதிவுக்கு மனுச் செய்யவும், பள்ளிப் பதிவில் உள்ள தேதிக்கு வலுச் சேர்க்கவும் உதவும். இன்று தமிழ்நாட்டில் பிக்மி கணினித் தளத்தில் தாயின் கர்ப்பம் பதிவாகி, அந்த எண்ணைக் கொண்டே பிறப்புச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழையே பிறந்த தேதிக்கான ஆவணமாக்கியிருக்கிறது. இன்று நீதிமன்றத்தில் நிற்கும் பதினாறு வயதினர் இந்த ஏற்பாடுகள் இறுகுவதற்கு முன் பிறந்தவர்கள். அவர்கள் வழக்குகளில் காகிதத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் தேடியும் கிடைக்காமல் சோதனைதான் என்றாகிவிட்டால், சில கோரிக்கைகளை எழுத்துமூலம் வைக்க வேண்டும். ஒரு மணிக்கட்டுப் படத்தோடு முடிக்காமல் முழங்கை, தோள், இடுப்பு, தாடைப் படங்களையும் எடுக்கச் சொல்ல வேண்டும். கதிரியக்க மருத்துவரும் பல் மருத்துவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். எந்த அட்டவணையைப் பயன்படுத்தினார்கள், அது எந்த மக்களை வைத்து உருவானது, பிழை எவ்வளவு என்று அறிக்கையிலேயே எழுத வேண்டும். அறிக்கை மட்டும் போதாது. எக்ஸ்ரே படங்களே சான்றாவணமாகக் குறியிடப்பட வேண்டும். படமில்லாத கருத்தை எந்த நிபுணரும் பின்னால் சரிபார்க்க முடியாது.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணித்துத் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். கூலி வேலை செய்யும் தாய் மகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் படத்துக்கு, மறுநாள் பல் பரிசோதனைக்கு, இன்னொரு நாள் சாட்சியத்துக்கு என்று அலைய நேர்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15அ, 1995 விதிகளின் விதி 11 ஆகியவற்றின்படி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் விசாரணைக் காலப் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் வழங்குவது அரசின் கடமை. சோதனைக்கு உத்தரவு கேட்கும் மனுவிலேயே இந்தச் செலவுக்கான வேண்டுகோளையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் தனியே கேட்டால் கோப்பு நகராது.