ஆற்று நீரோட்டக் கணித மாதிரிகள்: தேர்வும் தெளிவும்

மழையை இறையருளாகப் போற்றுவது நம் மரபு. அம்மழை பெருவெள்ளமாக உருவெடுக்கும்போது உயிர்களைக் காப்பது மனித அறிவின் கடமையாகிறது. பெய்த மழையில் எவ்வளவு நீர் ஆற்றை அடையும், எப்போது அடையும் என்னும் இரு வினாக்களுக்கு விடை காணவே நீரியல் அறிஞர் கணித மாதிரிகளை உருவாக்கினர். மாதிரிகளோ பல. அவற்றுள் தக்கதைத் தேர்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மாதிரிகளை மூவகையாகப் பகுக்கலாம். மழைக்கும் நீரோட்டத்திற்கும் உள்ள தொடர்பை ஒரு வாய்பாட்டுள் அடக்குவது முதல் வகை. அயர்லாந்துப் பொறியாளர் மல்வேனி 1851இல் வித்திட்ட முறை இதற்குச் சான்றாகும். நிலப்பரப்பு, மழையின் செறிவு, வழிந்தோடும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கி உச்ச நீரோட்டத்தைக் கணிப்பர். தெருவோர வடிகால் அமைக்க இது போதும், பேராற்றுக்குப் போதாது.

நிலத்தைக் கலங்களாக உருவகிப்பது இரண்டாம் வகை. ஜப்பானிய அறிஞர் சுகவாராவின் 'தொட்டி மாதிரி' இத்தகையது. ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில தொட்டிகள். அவற்றின் பக்கங்களிலும் அடியிலும் துளைகள். மேல்தொட்டியில் மழை விழுகிறது. பக்கத்துளை வழியே செல்வது விரைந்து ஆற்றை அடையும் நீர். அடித்துளை வழியே இறங்குவது மண்ணில் ஊறிப் பின்னர் மெல்லக் கசிந்து வரும் நீர். காய்ந்த நிலம் முதல் மழையை உறிஞ்சிக்கொள்வதும், நனைந்த நிலத்தில் அடுத்த மழை வெள்ளமாவதும் இம்மாதிரியால் எளிதில் விளங்கும்.

நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண், சரிவு, பயிர், நிலத்தடி நீர் ஆகியவற்றை இயற்பியல் விதிகளின்படி கணிப்பது மூன்றாம் வகை. விரிவானது என்பதாலேயே இதுவே சிறந்தது என்று முடிவு செய்தல் பிழையாகும். ஒவ்வொரு கட்டத்திற்கும் அளந்தறிந்த விவரங்கள் வேண்டும். அவை இல்லாத இடத்தில் ஊகங்களே எண்களாக உருமாறும். அளவுருக்கள் பெருகப் பெருக, தவறான காரணங்களைக் கொண்டும் சரியான விடையை வருவித்துவிட இயலும்.

2015 டிசம்பர் மாதத்தில் சென்னை அடையாற்றில் பெருகிய வெள்ளத்தை எண்ணிப் பார்ப்போம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றில் வந்தது அந்நீர் மட்டுமன்று. நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரிநீரும் அதனுடன் கலந்தது. நவம்பர் மழையில் நிலமும் ஏற்கெனவே நனைந்திருந்தது. ஆகவே, அடையாற்றுக்கான மாதிரி ஓர் ஏரியை மட்டும் கணக்கில் கொண்டால் பயனில்லை. ஏரிகளின் கலங்கல்களும் மண்ணின் ஈரமும் அதில் இடம்பெற வேண்டும். சில மணி நேரத்தில் உயரும் வெள்ளத்திற்கு நாள் கணக்கிலான மழையளவும் போதாது. மணிக்கணக்கிலான அளவு தேவை.

எனவே, மாதிரியைத் தேர்வோர் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். நோக்கம் வெள்ள எச்சரிக்கையா, ஆண்டுக்கான பாசனத் திட்டமா? கைவசமுள்ள அளவீடுகள் எவை? அந்நிலத்தின் தனித்தன்மை யாது? விடை எவ்வளவு விரைவில் வேண்டும்? இவற்றுக்குப் பொருந்தும் மாதிரிகளுள் எளியதே ஏற்றது.

தேர்ந்தபின் சோதனையும் இன்றியமையாதது. சில ஆண்டுகளின் அளவீடுகளைக் கொண்டு மாதிரியைச் செப்பம் செய்து, அது காணாத வேறு ஆண்டுகளின் நீரோட்டத்தைக் கணிக்கச் செய்ய வேண்டும். நாஷ், சட்கிளிஃப் ஆகியோர் 1970இல் வகுத்த அளவுகோலின்படி, மதிப்பெண் 1 எனில் கணிப்பு முழுமையாகப் பொருந்துகிறது. 0 எனில், சராசரியைச் சொல்வதற்கும் அம்மாதிரிக்கும் வேறுபாடில்லை. தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கண்ட மாணவனின் மதிப்பெண்ணை நாம் ஏற்பதில்லை. மாதிரிக்கும் அந்நீதியே பொருந்தும்.

இவையனைத்திற்கும் அடிப்படை அளவீடே. கெய்ரோ நகரின் ரோதா தீவில் கி.பி. 861இல் அப்பாசியக் கலீபா முதவக்கில் காலத்தில் எழுந்த நைல் நீர்மானி இன்றும் நிற்கிறது. கணிப்பொறியைக் கனவிலும் அறியாத அக்காலத்திலேயே ஆற்றின் உயரத்தை ஆண்டுதோறும் குறித்துவைத்தனர். நம் ஊர் ஏரிகளின் நீர்மட்டத்தையும் மழையளவையும் தவறாது பதிந்துவைத்தல் மாணவர்க்கும் இயலும் பணியே. அளந்து வைப்போர் இருந்தால்தான் கணிப்போர்க்கு வழி பிறக்கும். கணிப்பு மெய்யானால்தான் கரையோர மக்கள் நிம்மதியாக உறங்க முடியும்.