ஸ்கேன் பில்லில் தனியாக ஏறும் 'கான்ட்ராஸ்ட்' கட்டணம்... பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்!

"ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று போனில் விசாரித்து, அந்தத் தொகையை எண்ணி எடுத்துக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போகிறோம். கவுன்ட்டரில் டாக்டரின் சீட்டைப் பார்த்ததும், "இது கான்ட்ராஸ்ட் ஸ்கேன், மருந்துக்குத் தனி" என்கிறார்கள். வீட்டில் ஒருவர் உடம்புக்கு முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பேரம் பேசவோ, வேறு சென்டர் தேடவோ மனம் வராது. பலர் கைமாற்று வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள். சிலர், "அந்த ஊசி இல்லாமலே எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டிலுமே நஷ்டம் நோயாளிக்குத்தான்.

அந்த மருந்து எதற்கு, அதற்கு ஏன் இவ்வளவு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், கடைசி நேரத் தவிப்பைத் தவிர்க்கலாம்.

ஊசி எதற்கு?

சி.டி. ஸ்கேனில் செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட், அயோடின் கலந்த மருந்து. அது ரத்தத்தில் கலந்து போகும் இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். எம்.ஆர்.ஐ-யில் பயன்படுவது 'கடோலினியம்' என்ற உலோகம் சேர்ந்த மருந்து. ரத்தக்குழாய் அடைப்பு, கட்டி, சீழ் போன்றவற்றைத் தெளிவாகக் காட்ட இவை உதவுகின்றன.

எல்லா ஸ்கேனுக்கும் இது தேவையில்லை. சிறுநீரகக் கல்லைத் தேடுவதற்கும், அடிபட்டவருக்குத் தலையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் பெரும்பாலும் சாதாரண சி.டி-யே போதும். ஆனால், புற்றுநோய்க் கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேனில் ஊசியைத் தவிர்த்தால், படம் தெளிவில்லாமல் போகலாம். பிறகு மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் செலவு.

ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது?

முதல் காரணம், உடல் எடை. எம்.ஆர்.ஐ-யில் வழக்கமாகப் பயன்படும் பல மருந்துகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.2 மி.லி. என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மி.லி. தேவை. மருந்து 10, 15, 20 மி.லி. பாட்டில்களில் வருகிறது. ஆக, 15 மி.லி. பாட்டிலைத்தான் உடைக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்று வரும் பாட்டிலில் மிச்சமாகும் 3 மி.லி-யை அடுத்தவருக்குப் போடக் கூடாது. அதனால் முழு பாட்டிலின் விலையும் பில்லில் வரும். சி.டி-யில் அளவு இதைவிட அதிகம். பெரியவர்களுக்குப் பொதுவாக 50 முதல் 100 மி.லி. வரை ஆகும்.

அடுத்தது, கம்பெனி. ஒரே மூலப்பொருள் கொண்ட மருந்தே பல பிராண்டுகளில், பல விலைகளில் கிடைக்கிறது. இதோடு ஊசி போடும் கருவிக்கான சிரிஞ்ச், ட்யூப், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிரியேட்டினின் பரிசோதனை, பிலிம் எனச் சில செலவுகளும் சேர்ந்துகொள்ளலாம்.

விலைக்குக் கட்டுப்பாடு இல்லையா?

இருக்கிறது. சி.டி-க்குப் பயன்படும் 'அயோஹெக்சால்' மருந்து, மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலை அறிவிக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளின் எம்.ஆர்.பி-யை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது.

ஆனால், எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலைதான். மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளுக்கு அதைவிடக் குறைவான விலையில் மருந்து கிடைக்கும். அந்தத் தள்ளுபடி நோயாளியின் பில்லுக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டெல்லி வட்டாரத்தின் 4 தனியார் மருத்துவமனைகளின் பில்களை இதே ஆணையம் ஆராய்ந்து 2018-ல் அறிக்கை வெளியிட்டது. மருந்துகள், மருத்துவப் பொருள்கள் சிலவற்றில் லாபம் 1,700 சதவிகிதத்தையும் தாண்டியிருந்தது அதில் தெரியவந்தது. அது கான்ட்ராஸ்ட்டை மட்டும் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால், வாங்கும் விலைக்கும் எம்.ஆர்.பி-க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. டாக்டரிடம்: "இந்த ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் அவசியமா? எதைப் பார்ப்பதற்காக?" பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

2. சென்டரில்: "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" ஊசி மருந்து, சிரிஞ்ச், பிலிம், ரிப்போர்ட் எல்லாம் அதில் அடக்கமா என்று போனிலேயே கேளுங்கள். நோயாளியின் எடையையும் சொல்லுங்கள்.

3. "என்ன மருந்து, எத்தனை மி.லி., எம்.ஆர்.பி. எவ்வளவு?" இந்த மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். உச்சவரம்பு விலையை ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் பார்க்கலாம். எம்.ஆர்.பி-க்கு மேல் வாங்கினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

4. "சமீபத்தில் எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட் போதுமா?" போதும் என்றால், அந்தச் செலவு மிச்சம்.

5. "காப்பீட்டில் வருமா?" பல தனியார் பாலிசிகளில், மருத்துவமனையில் சேர்வதற்கு முன் எடுத்த ஸ்கேனுக்கும், அதே நோய்க்காகச் சேர்ந்தால் பணம் கிடைக்கும். அதனால் பில்லைத் தூக்கிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் குறிப்பிட்ட பரிசோதனைகள் அடக்கம்.

தனியாரில் கட்ட முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சாதாரண சி.டி-க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ-க்கு 2,500 ரூபாய் என்பதே நீண்டகாலக் கட்டணம். கான்ட்ராஸ்ட் சேர்ந்தால் எவ்வளவு என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இதை மட்டும் மறைக்காதீர்கள்

முன்பு ஊசி போட்டபோது ஒவ்வாமை வந்ததா, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா, சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா... இவற்றை ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். செலவைக் குறைக்க, ஊசியை நீங்களாகவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பணம்தான் பிரச்னை என்றால், அதையும் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். சில நோய்களுக்கு அல்ட்ராசவுண்ட் போன்ற செலவு குறைந்த மாற்று வழிகள் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று அவரால்தான் சொல்ல முடியும்.