நம் சங்க வலைத்தளம் எந்தத் தண்டவாளத்தில் ஓடுகிறது?

நம் சங்கத்தின் வலைத்தளத்தைத் தொடர்ந்து எங்கே வைத்து நடத்துவது என்பது பற்றி வரும் பொதுக்குழுவில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கை தூக்குவதற்கு முன் விஷயம் இன்னதென்று உறுப்பினர்களுக்குத் தெரியவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். அடியேன் ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் டிப்ளமா எஞ்சினீயராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். கணிப்பொறி என் படிப்பு அல்ல. ஆனால் ஓடுகிற வண்டி எந்த இடத்தில் சத்தம் போடுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது என் தொழிலாக இருந்தது. அந்தப் பழக்கம் இதற்கும் உதவுகிறது.

வலைத்தளத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மலரின் பழைய இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு அதில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அவற்றில் எழுதியவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் புனேயிலும் பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். அச்சுப் பிரதிகளில் பாதி கரையானுக்குப் போய்விட்டது. ஆகவே பல கட்டுரைகளுக்கு இந்த வலைத்தளம் ஒன்றே பிரதி.

இதை நடத்தும் நிரலின் பெயர் வேர்ட்பிரஸ். கட்டுரையை ஏற்றுவது, படம் சேர்ப்பது, பக்கங்களை வரிசைப்படுத்துவது எல்லாவற்றையும் நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யும்படி அமைத்த ஏற்பாடு. இது இலவசம், அதைவிட முக்கியம், இதன் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். இது பிறந்த கதையே அதற்குச் சாட்சி. பி2 என்ற ஒரு நிரலை அதன் ஆசிரியர் தொடராமல் விட்டபோது, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் அந்த நிரலை எடுத்து வளர்த்து 2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பி2வின் உரிமமே அதற்கு இடம் கொடுத்தது.

வண்டி இலவசம். தண்டவாளம் அப்படி அல்ல. நம் உறுப்பினர் ஒருவரின் நிறுவனம் தன் சர்வரில் நமக்கு இடம் கொடுத்திருக்கிறது. வாடகை வாங்குவதில்லை; அவர்களுக்கு நன்றி. அந்த சர்வரில் இருப்பது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர் 2016. பக்கங்களை வெளியே அனுப்புவது ஐ.ஐ.எஸ். என்ற அதன் சொந்த ஏற்பாடு. வேர்ட்பிரஸ் வளர்ந்ததோ பெரும்பாலும் லினக்ஸ், அப்பாச்சி என்ற திறந்த தண்டவாளத்தில். அப்படியானால் இங்கே ஓடுமா? ஓடும். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நாக்பூர்வாசிகளுக்கு சிந்த்வாரா குட்டி ரயில் நினைவிருக்கும். 2015ல் நிற்கும் வரை 762 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடியது. பெரிய பாதையோ 1676. இப்படி கேஜ் மாறும் இடங்களில் சரக்கை ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றவேண்டும். ஓட்டத்தில் உடைவதைவிட அந்த மேடையில் உடைவது அதிகம் என்று குட்ஸ் கிளார்க்குகள் சொல்வார்கள். வேர்ட்பிரஸ் பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்டது. ஐ.ஐ.எஸ்ஸுக்கும் பி.எச்.பி.க்கும் இடையே ஃபாஸ்ட் சி.ஜி.ஐ. என்ற ஒரு மேடை இருக்கிறது. வாசகர் கேட்டதை ஐ.ஐ.எஸ். அங்கே இறக்கும், பி.எச்.பி. எடுத்துப்போய்ப் பக்கத்தைத் தயார் செய்து திரும்பக் கொண்டுவந்து வைக்கும். நம் தொல்லைகளில் முக்கால்வாசி இத்தகைய மேடைகளில்தான்.

ஓர் உதாரணம். புனேயிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், அப்பா கட்டுரை சின்னப் படமா தெரியறது. அதைத் தொட்டா வரமாட்டேங்கறதே" என்றார். காரணம் வேடிக்கையானது. நாம் ஒரு படத்தை ஏற்றும்போது பி.எச்.பி. அதை முதலில் ஒரு தற்காலிக அறையில் இறக்கி, பிறகு உரிய அறைக்கு நகர்த்துகிறது. விண்டோஸில் ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்தப்பட்ட கோப்பு, பழைய அறையின் அனுமதிச் சீட்டையே சுமந்துகொண்டு வரும். புது அறையின் அனுமதியைப் பெறாது. வாசலில் நிற்கும் ஐ.ஐ.எஸ். சீட்டைப் பார்த்துவிட்டு, "இது வெளியே போகக்கூடாதது" என்று நிறுத்திவிடுகிறது. சின்னப் படம் ஏன் தெரிகிறது என்றால், அதை வேர்ட்பிரஸ் புது அறையிலேயே புதிதாகச் செய்கிறது. அதற்குச் சரியான சீட்டு கிடைத்துவிடுகிறது. தற்காலிக அறையை வேறிடத்தில் அமைத்து, அதற்கு ஐ.ஐ.எஸ்ஸின் பயனர் குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுத்ததும், அதன் பின் ஏற்றியவை ஒழுங்காக வந்தன. முன்பு ஏற்றியவற்றுக்கு அனுமதியைத் தனியே மாற்றவேண்டியிருந்தது. அந்த அம்மாள் அப்பாவின் ஒன்பது கட்டுரைகளையும் பிரதி எடுத்துக்கொண்டார்.

பெரிய கோப்பை ஏற்ற இரண்டு கேட்டுகள் உண்டு. பி.எச்.பி. தன் வழக்கமான அமைப்பில் 2 எம்.பி.க்கு மேல் வாங்காது, ஐ.ஐ.எஸ். 3 கோடி பைட்டுக்கு மேல் விடாது. ஒன்றைத் திறந்து மற்றதை மூடிவைத்தால் பயனில்லை. பக்க முகவரிகளுக்கும் இதே கதை. அப்பாச்சிக்காக எழுதிய விதிகளை ஐ.ஐ.எஸ். படிக்காது, யு.ஆர்.எல். ரீரைட் என்ற துணைப்பகுதியை நிறுவி, அதன் விதிகளை வேறு கோப்பில் எழுதவேண்டும். நல்லவேளை, அனுமதி இருந்தால் வேர்ட்பிரஸே அதை எழுதிக்கொள்கிறது.

தமிழ் முகவரி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பக்கத்தின் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் முகவரியைத் தானே உண்டாக்கும். அதற்கு 200 இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும், புள்ளியும் கொம்பும் உட்பட, ஒன்பது இடம் பிடிக்கும். 'பொங்கல் விழா அழைப்பிதழ்' என்றால் 191ல் அடங்கிவிடும். முன்னால் நம் ஊர்ப் பெயரையும் சேர்த்து 'நாக்பூர் பொங்கல் விழா அழைப்பிதழ்' என்று தலைப்பிட்டுப் பாருங்கள்: முகவரி 'நாக்பூர்-பொங்கல்-விழா-அழ' என்று நின்றுவிடும்! இது எந்த சர்வரிலும் நடப்பது. ஐ.ஐ.எஸ்ஸில் இதற்கு மேல், முகவரியை யு.டி.எஃப்.-8 முறையில் கொடு என்று விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் தனியாகச் சொல்லாவிட்டால் தமிழ் முகவரிகள் சிதைந்து பக்கமே கிடைக்காமல் போகலாம். ஆகவே தலைப்பு தமிழில், முகவரி மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் என்று வைத்திருக்கிறேன். தமிழ்ப்பற்று குறைவு என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

இனி முடிவெடுக்கவேண்டிய விஷயம். விண்டோஸ் சர்வர் 2016க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்களின் வழக்கமான காலக்கெடு 2027 ஜனவரி 12. அதன் பிறகு அதில் வலைத்தளம் நடத்துவது பிரேக் சோதனை செய்யாமல் வண்டியை விடுவதற்குச் சமம். புதிய பதிப்புக்கு உரிமம் வாங்கவேண்டும். அது கணிப்பொறியின் பிராசசரில் உள்ள கோர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவது. இடம் கொடுத்த நிறுவனம் அதைத் தன் தேவைக்காக வாங்கினால் நாமும் ஓரமாக இருந்துகொள்ளலாம். வாங்காவிட்டால் சங்கம் அந்தச் செலவைச் செய்வது நியாயமாகாது என்பது என் கருத்து. இன்னொன்று: 2020 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், பி.எச்.பி. 8.0 முதல் விண்டோஸ் பதிப்புக்குத் தங்கள் ஆதரவு இராது என்று அறிவித்தது. பி.எச்.பி. குழுவினர் தாங்களே அதைத் தொடர்ந்து தயாரித்து வெளியிடுகிறார்கள். வேர்ட்பிரஸ் முதலியவற்றைச் சுலபமாக நிறுவ மைக்ரோசாஃப்ட் தந்திருந்த வெப் பிளாட்ஃபார்ம் இன்ஸ்டாலரும் 2022 டிசம்பர் 31டன் நிறுத்தப்பட்டது. வழி அடைபடவில்லை, ஆனால் ஸ்டேஷனில் ஆள் குறைந்துவிட்டது.

லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து மாறுவதே நல்லது என்று நினைக்கிறேன். மாறுவதற்கு முன் செய்யவேண்டியவை சில உண்டு. கட்டுரைகள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை முழுதாகப் பிரதி எடுக்கவேண்டும். விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டுப் பிரதியைக் கோப்பில் எழுதினால் அது யு.டி.எஃப்.-16 முறையில் எழுதப்படும். திரும்ப ஏற்றும்போது மைஎஸ்க்யூஎல் அதைச் சரியாக ஏற்காது. கோப்பு பெரிதாக, பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஏற்றிப் பார்க்கிற அன்றுதான் தெரியும். கோப்பின் பெயரைக் கட்டளைக்குள்ளேயே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நான் மாதாமாதம் அப்படியே எடுத்து, வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு அதில் ஏற்றிப் பார்க்கிறேன். கட்டுரைகள் ஓர் எழுத்து குறையாமல் வந்துவிட்டன.

படங்களில்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. கோப்பின் பெயரில் பெரிய ஆங்கில எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றே. லினக்ஸுக்கு வேறு வேறு. ஸ்கேன் செய்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பெயரிட்டிருந்ததால், இங்கே தெரிகிற சில படங்கள் அங்கே தெரியவில்லை. பெயர்களையெல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றி, பக்கங்களிலும் திருத்தும் வேலையை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்து செய்கிறார்கள். 1990 வரையிலான இதழ்கள் முடிந்துவிட்டன. இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தால் தீபாவளிக்குள் மீதியும் முடிந்துவிடும். பாஸ்வேர்டுகள் அனைத்தும் மூடிய உறையில் பொருளாளரிடம் இருக்கின்றன.