முகவரியை வலமிருந்து படியுங்கள்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. அடுத்த வாரமே பல வீடுகளில் வேறொரு தேடல் தொடங்கிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ வேலை கிடைக்குமா என்பதே அது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007-இல் கணிப்பொறித் தொழிற்சாலையைத் திறந்தது. உங்கள் வீட்டுக் கணிப்பொறியே அங்கே பொருத்தப்பட்டதாக இருக்கக்கூடும்.

இந்த நேரம் பார்த்துக் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. "பிரபல கம்பெனியில் 300 பேர் தேவை. இந்த இணைப்பைத் தொட்டு உடனே பதிவு செய்க. கட்டணம் 1,500 ரூபாய்." தொட்டதும் ஒரு பக்கம் திறக்கிறது. நிறுவனத்தின் சின்னம், தொழிற்சாலையின் படம், சீருடை அணிந்த தொழிலாளர்கள், மூலையில் அரசு முத்திரை என எல்லாம் இருக்கின்றன. இது உண்மையான பக்கமா, போலியா? பக்கத்தை உற்றுப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் முடியாது. ஒரு திரையரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். படத்தில் வரும் கடிகாரம் மணி பத்து என்று காட்டினால் நீங்கள் பத்து மணி என்று நம்பி எழுந்து போவதில்லை. அரங்கின் சுவரில் மாட்டியுள்ள கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள். படம் எடுத்தவரின் கை அந்தச் சுவர்க் கடிகாரம் வரை நீளாது.

கணிப்பொறியில் இணையப் பக்கங்களைக் காட்டும் நிரலை உலாவி என்கிறோம். குரோம், பயர்பாக்ஸ், சபாரி ஆகியவை உலாவிகளே. உலாவியின் சன்னலில் பெரும்பகுதி சினிமாத் திரையைப் போன்றது. பக்கத்தை உருவாக்கியவர் அங்கே சின்னம், முத்திரை, பூட்டுப் படம் என எதையும் வரையலாம். அதற்கு மேலே உள்ள முகவரிப் பட்டையை மட்டும் உலாவியே எழுதுகிறது. நம்முடைய சுவர்க் கடிகாரம் அதுதான். ஆனால் கடிகாரம் பார்க்கத் தெரிந்த பலருக்கு முகவரி பார்க்கத் தெரிவதில்லை.

அஞ்சல் முகவரியிலிருந்து தொடங்குவோம். பெயர், தெரு, ஊர், வட்டம், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதை நோக்கி நாம் எழுதுகிறோம். கடிதங்களைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியரோ கீழிருந்து தொடங்குகிறார். 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டெண்ணைத்தான் அவர் முதலில் பார்க்கிறார். ஸ்ரீபெரும்புதூரின் எண் 602105. முதல் இலக்கமாகிய 6, கடிதத்தைத் தென்னாட்டுக்கு அனுப்பிவிடுகிறது. தெருப் பெயர் கடைசியில்தான் தேவைப்படும்.

இணைய முகவரியும் இப்படித்தான். தமிழ்நாடு அரசு, தனியார் வேலைவாய்ப்புகளுக்கென ஒரு தளம் நடத்துகிறது. அதன் முகவரியை வாயால் சொல்வது போல் தமிழில் எழுதுகிறேன். உலாவியில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும்: டிஎன்பிரைவேட்ஜாப்ஸ்.டிஎன்.கவ்.இன். இதை வலமிருந்து படியுங்கள். 'இன்' என்பது இந்தியா. 'கவ்' என்பது அரசு. 'டிஎன்' தமிழ்நாடு. கடைசியாக இடது ஓரத்தில் இருப்பது தளத்தின் பெயர். 'கவ்.இன்' என்று முடியும் பெயர்கள் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. விலை கொடுத்தாலும் மற்றவருக்குக் கிடைக்காது.

இப்போது இதைப் பாருங்கள்: டிஎன்.கவ்.இன்.எக்ஸாம்பிள்.காம். இடமிருந்து படித்தால் அரசுத் தளம் போலவே தோன்றும். வலமிருந்து படித்தால்? 'காம்' என்ற பொதுப் பிரிவில் 'எக்ஸாம்பிள்' என்ற பெயரை வாங்கியவருடைய தளம் அது, அவ்வளவே. (எக்ஸாம்பிள்.காம் என்பது எடுத்துக்காட்டு சொல்வதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர். ஆகவே அச்சமின்றி இங்கே பயன்படுத்துகிறேன்.) அதற்கு இடப்பக்கம் உள்ளவை எல்லாம் அவர் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டவை. ஒருவர் தம் வீட்டு அறைக் கதவில் 'கலெக்டர் ஆபீஸ்' என்று எழுதி வைத்துக்கொண்டால் யார் தடுப்பது?

வலப்பக்கத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அதிகாரம்? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. நாம் தரும் பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஏற்பாட்டை அமெரிக்கரான பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்தார். நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும், உங்கள் இணைய நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்று உங்களுக்காக விசாரிக்கக் கிளம்புகிறது. அது முதலில் மூலச் சேவையகத்தைக் கேட்கும். உலகில் இவற்றுக்கு 'ஏ' முதல் 'எம்' வரை 13 பெயர்கள் உள்ளன. "எனக்கு முழு முகவரி தெரியாது, 'இன்' பிரிவைக் கவனிப்பவரைக் கேள்" என்கிறது அது. அவர் 'கவ்.இன்' பொறுப்பாளரைக் காட்டுவார். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வழி கிடைக்கும். இறுதியில் எண் கைக்கு வரும். வழி கேட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேருகிற கதைதான். ஒவ்வொரு முறையும் இத்தனை பேரைக் கேட்பது வீண் என்பதால், கிடைத்த விடையைச் சில காலம் சேமித்தும் வைத்துக்கொள்கிறது.

போலி முகவரியில் நடப்பது என்ன? விசாரணை 'காம்' பிரிவுக்குப் போகிறது; அங்கிருந்து எக்ஸாம்பிளுக்குப் போகிறது. இந்திய அரசின் கணிப்பொறி எதையும் அது கேட்கவே இல்லை!

ஓர் எச்சரிக்கை. பெயர் முடிந்ததும் முகவரியில் ஒரு சாய்கோடு வரும். அதற்குப் பின் உள்ளவை அந்தத் தளத்துக்குள் இருக்கும் பக்கங்கள். அங்கே வரிசை தலைகீழாகி, பெரியதிலிருந்து சிறியதை நோக்கிச் செல்லும். ஆகவே தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். அதற்கு வலப்பக்கம் 'கவ்.இன்' என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். (அந்த இரட்டைச் சாய்கோடே தேவையில்லாமல் போட்டது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2009-இல் கூறினார். அதற்குள் உலகம் அதைக் கோடிக்கணக்கான முறை தட்டிவிட்டது!) புள்ளிக்கும் சிறுகோட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். 'கவ்-இன்' என்று சிறுகோடு இட்டு எழுதினால் அது அரசுப் பிரிவு அன்று. வெறும் பெயரின் ஒரு துண்டு.

"முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்றார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பூட்டு சொல்வதெல்லாம் இதுதான்: உங்களுக்கும் இந்தப் பெயருடைய தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாது. உறையை நன்றாக ஒட்டி முத்திரையிட்டு ஒரு மோசக்காரனுக்கு அனுப்பினால், கடிதம் பத்திரமாக அந்த மோசக்காரனிடமே போய்ச் சேரும். பூட்டுக்குரிய சான்றிதழ் 2015 முதல் எவருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. போலித் தளம் நடத்துபவரும் பெற்றுக்கொள்கிறார். பூட்டுப் படத்தைத் தேர்ந்ததே தவறு என்பது என் கருத்து. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதைக் கண்டு குரோம் உலாவி 2023-இல் அதை நீக்கி, வேறொரு குறியை வைத்தது.

இனி எழுத்துகளுக்கு வருவோம். ஆங்கில 'ஓ' எழுத்தும் சுழியமும் ஒன்றுபோல் தோன்றும். சிறிய 'எல்' எழுத்தும் ஒன்றாம் எண்ணும் அப்படியே. தமிழிலும் இந்த வேடிக்கை உண்டு. பழைய தமிழ் எண்களில் ஏழின் வடிவம் ௭. இது 'எ' என்ற உயிரெழுத்தைப் போலவே இருக்கிறது. எட்டின் வடிவமாகிய ௮, 'அ' போலவே இருக்கிறது. நம் கண்ணுக்கு ஒன்று. கணிப்பொறிக்கு இரண்டும் வெவ்வேறு குறியீடுகள். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் தமிழ் முகவரிகள் வந்துவிட்ட இக்காலத்தில் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கண் ஏமாறும் இடத்தில் நமக்கு உதவ உலாவிக்குள்ளேயே ஒரு வசதி உள்ளது. கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்கிறதல்லவா? வீட்டில் உங்களுக்கே உரிய கணிப்பொறியானால் சம்மதிக்கலாம். சேமிக்கும்போது அது தளத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. பின்னர் ஓர் எழுத்து மாறிய போலித் தளத்துக்கு நீங்கள் போனால், அது கடவுச்சொல்லை நீட்டாது. வழக்கமாகத் தானே நிரம்பும் இடம் வெறுமையாக நின்றால், தட்டச்சு செய்யத் தொடங்காமல் முதலில் முகவரியைப் படியுங்கள்.

வெளியே, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தால் சேமிக்கவே கூடாது. 'தனிப்பட்ட சன்னல்' ஒன்றைத் திறந்து வேலையை முடித்து, அதை மூடிவிடுங்கள். அடுத்து உட்காருபவருக்கு நீங்கள் பார்த்த பக்கங்கள் தெரியா. ஆனால் கடைக்காரருக்கும் இணைய நிறுவனத்துக்கும் உங்கள் போக்குவரத்து தெரியும். அந்தச் சன்னல் மாயப் போர்வை அன்று.

சுவர்க் கடிகாரத்தையும் மறைக்க ஒரு வழி உண்டு. ஒரு பக்கம் முழுத்திரையாக விரிந்துகொண்டு, பட்டையைப் போல் ஒன்றைத் தானே வரைந்து காட்டலாம். ஐயம் எழுந்தால் கணிப்பொறியில் 'எஸ்கேப்' விசையை அழுத்துங்கள். கைப்பேசியில் பட்டை மறைந்திருந்தால் பக்கத்தைக் கீழ்நோக்கி இழுங்கள். பின் பட்டையைத் தொட்டு முழு முகவரியையும் பாருங்கள்.

தனியார் நிறுவனங்களுக்கு 'கவ்.இன்' போன்ற அடையாளம் கிடையாது. ஆகவே நிறுவனத்தின் பெயரைச் செய்தியில் வந்த இணைப்பிலிருந்து தெரிந்துகொள்ளாமல், அதன் பொருள்மீதோ கையேட்டிலோ அச்சிட்டுள்ள முகவரியைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறியில் முதலில் வருவது பல வேளைகளில் காசு கொடுத்த விளம்பரமாக இருக்கும். வேலைக்கு முன்பணம் கேட்பவரைப் பொறுத்தவரை முகவரி ஆராய்ச்சியே தேவையில்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக் காலம் கடத்த வேண்டாம்; 1930 என்ற எண்ணை அந்த நிமிடமே அழையுங்கள். பணம் கணக்கு மாறி எடுக்கப்படுவதற்கு முன் வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

செய்து பாருங்கள்: ஒரு கோப்பில் 'எலி' என்று உயிரெழுத்திட்டு ஒரு முறையும், தமிழ் எண்ணாகிய ௭ இட்டு '௭லி' என்று ஒரு முறையும் எழுதுங்கள். நண்பரிடம் காட்டி வேறுபாட்டைக் கேளுங்கள். பிறகு கண்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தி 'எலி'யைத் தேடச் சொல்லுங்கள். எத்தனை எலிகள் அகப்பட்டன?